கணக்குக் கோப்பில் மேக்ரோ தடை: காரணமும் பரிகாரமும்

சங்கத்தின் ஆண்டுக் கணக்கு முடிந்தபின், வருமான வரித் துறையின் இணையவாயிலிலிருந்து ஐ.டி.ஆர்.-5 படிவத்துக்குரிய எக்செல் கோப்பை இறக்கித் திறக்கிறோம். எண்களை நிரப்புமுன்பே மேற்புறத்தில் சிவப்புப் பட்டை ஒன்று தோன்றுகிறது. கோப்பு வந்த இடம் நம்பத்தக்கதன்று, ஆகவே மேக்ரோக்கள் தடுக்கப்பட்டன என்பது அதன் பொருள். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நிகழாது. அல்லது மேக்ரோவை இயக்க இயலவில்லை என்னும் செய்தி வரும். கோப்பே பழுதென்று எண்ணி மறுபடியும் மறுபடியும் இறக்குவோர் பலர். பழுது கோப்பில் இல்லை.

இதனை அலுவலகத்துச் சில்லறைத் தொல்லையென்று தள்ளிவிடலாகாது. குடிசைத் தொழில் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், அங்கத்தினர் விளைத்த பொருளை விற்றுக்கொடுக்கும் சங்கங்களுக்கும், அவ்வகை வருமானம் முழுமைக்கும் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-பி பிரிவு கழிவு அளித்தது. ஆயின் உரிய தேதிக்குள் விவரம் தாக்கல் செய்தால்தான் அக்கழிவு உண்டென்று 2018 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. கடைசி நாள் மாலையில் பொத்தான் இயங்காமற்போனால் நட்டம் யாருடையது என்பதை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேக்ரோ என்பது யாது? ஜக்கார்டு பொருத்திய தறியில் எந்தப் பாவு இழை எழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளே கட்டளையிடுகின்றன. நெய்பவர் மிதிக்கிறார், இழை எழுவது அட்டையின் சொற்படி. எக்செல் கோப்பில் நாம் எழுதும் எண்கள் நூல் போன்றவை. கூட்டவும் சரிபார்க்கவும் விவரத்தைத் தனிக்கோப்பாக எழுதித் தரவும் உள்ளே பொதிந்திருக்கும் கட்டளைத் தொகுதியே மேக்ரோ. அட்டையைக் கட்டியவர் யாரென்று தறி கேட்பதில்லை. கேடு அங்கேதான் தொடங்குகிறது. 1996-இல் லரோ என்னும் மேக்ரோ நச்சுநிரல் எக்செல் கோப்புகளில் பரவிற்று. 1999 மார்ச்சில் மெலிஸா என்பது வேர்டு கோப்பில் ஒளிந்து, திறந்தவருடைய முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அதன்பின் நெடுங்காலம், மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கண்டென்ட்’ என்பதை அழுத்தினால் மேக்ரோ இயங்கும் என்ற ஏற்பாடு இருந்தது. படியாமலே அழுத்தும் வழக்கம் எங்கும் பரவியதால் அது காவலாகப் பயன்படவில்லை. ஆகவே 2022-இல், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் அடியோடு தடுக்கத் தொடங்கிற்று. சிவப்புப் பட்டையில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது.

இணையத்திலிருந்து வந்ததென்று எக்செல் எவ்வாறு அறிகிறது? இறக்கும்பொழுதே விண்டோஸ் அக்கோப்புடன் கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஒன்றைச் சேர்த்துவிடுகிறது. அக்குறிப்பை அந்த ஒரு கோப்பிலிருந்து நீக்குவதே பரிகாரம். இறக்கிய ஜிப் கோப்பின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறக்கவேண்டும். அடியில் ‘அன்பிளாக்’ என்ற சிறு கட்டம் இருக்கும். அதனைக் குறியிட்டு ‘ஓகே’ கொடுத்து, அதன் பின்னரே ஜிப்பைப் பிரிக்கவேண்டும். முன்பே பிரித்துவிட்டவர்கள், எக்செலை மூடிவிட்டு, உள்ளிருந்து எடுத்த எக்செல் கோப்புக்கு அதையே செய்யலாம்.

ஒரு விநோதத்தையும் சொல்லவேண்டும். சங்கரன்கோவிலிலுள்ள கணக்கர் ஒருவர் அதே கோப்பைப் பென் டிரைவில் கொடுத்தனுப்ப, அது கரிவலம்வந்தநல்லூர்ச் சங்கக் கணினியில் தடையின்றி இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பென் டிரைவுகள் பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கும் முறையில் மேற்சொன்ன குறிப்பைத் தாங்க இடமில்லை. நகலெடுக்கும்பொழுதே அது உதிர்ந்துவிடும். இயங்குவதனால் மட்டும் அக்கோப்பு நல்லதென்று ஆகிவிடாது. நச்சுக் கோப்பும் அவ்வழியே குறிப்பின்றி வரலாம். துறையின் படிவங்களோ அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை. கைமாறி வந்தது பழைய பதிப்பாயிருக்கவும் கூடும். ‘கவ்.இன்’ என்று முடியும் அரசு முகவரியிலிருந்து நாமே இறக்கிக்கொள்வது நலம்.

‘டிரஸ்ட் சென்டர்’ பகுதிக்குச் சென்று எல்லா மேக்ரோக்களையும் அனுமதித்துவிடுமாறு சிலர் யோசனை கூறுவார்கள். இதனை ஏற்கவேண்டாம். அங்கத்தினர் கணக்கும், கூலிப் பட்டியலும், வங்கி விவரமும் உள்ள கணினியில், யார் அனுப்பும் கோப்புக்கும் எச்சரிக்கையின்றி வழி திறந்துவிடும் செயல் அது. அறிவிப்புடன் தடுக்கும் அமைப்பே இருக்கட்டும்.

தடையை நீக்கியும் பொத்தான் இயங்காவிடில், கோப்பின் பெயர் ‘எக்ஸ்எல்எஸ்எம்’ என்று முடிகிறதா என்று பார்க்க. இறுதியில் ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்று சேமித்துவிட்டால் மேக்ரோக்கள் கழன்றுபோகும். எண்கள் மட்டும் எஞ்சும். கைப்பேசியிலுள்ள எக்செல் இவ்வகை மேக்ரோக்களை இயக்குவதேயில்லை. ஜிப்பைப் பிரிக்காமல் அதனுள்ளேயே திறந்து வேலை செய்வதும் தவறு. அங்கே திறப்பது தற்காலிக நகல் ஆகையால், அரைநாள் நிரப்பிய எண்கள் மூடியவுடன் மறைந்துவிடலாம். தனிக் கோப்புறை ஒன்று அமைத்து, அதில் பிரித்து வைத்து, முதல் எண்ணை எழுதுமுன்பே ஒருமுறை சேமித்துக்கொள்க.