விண்ணும் வேரியோமீற்றரும்: இயந்திரமற்ற பறப்பிற் கருவிகளின் இடம்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பட்டங்களின் உருவ விசித்திரங்களையே எழுதுவர். பட்டத்தின் தலைப்பகுதியிற் பூட்டப்படும் 'விண்' அவர்களது கவனத்தைப் பெறுவது அரிது. வளைத்த வில்லொன்றின் இரு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டப்பட்ட நாடா காற்றில் அதிர்ந்து எழுப்பும் ஓசையே விண் கூவுதல் எனப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களில் இரவு முழுவதும் பட்டத்தை ஏற்றிக் கட்டிவிட்டுப் படுக்கைக்குச் செல்லும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அவ்வாறு படுத்திருப்பவர் இருளிற் பட்டத்தைக் காணமாட்டார். எனினும் ஓசை ஓங்கினாற் காற்று வலுத்தது என்பதையும், கம்மினாற் காற்றுத் தளர்ந்தது என்பதையும், அறவே நின்றாற் பட்டம் எங்கோ ஒரு பனையில் விழுந்துவிட்டது என்பதையும் அவர் படுத்தபடியே அறிந்துகொள்வார். விளையாட்டுப் பொருளென்று நாம் கருதும் இந்நாடா உண்மையில் ஓர் அளவுகருவியின் தொழிலைச் செய்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத காற்றின் நிலையைக் காதுக்குப் புலனாக்குவது அதன் பணி.

இதே பணியை, மிக வேறுபட்ட உற்பத்திச் சூழலில் தோன்றிய ஓர் இலத்திரனியற் கருவியும் செய்கின்றது. 'கிளைடர்' எனப்படும் வழுக்கு விமானத்தின் கருவிப்பலகையில் அது இடம்பெறுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், பறப்புக் கருவிகள் எதற்காக வேண்டப்படுகின்றன என்ற வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

வழுக்கு விமானத்துக்கு இயந்திரம் இல்லை. வேறொரு விமானத்தாலோ நிலத்திலுள்ள சுழற்பொறியின் வடத்தாலோ மேலே இழுத்துவிடப்பட்ட பின்னர், அது தன் நிறையினாலேயே முன்னோக்கி வழுக்கி இறங்குகின்றது. இறங்கும் வேகத்திலும் கூடிய வேகத்தில் மேலெழும் காற்றைக் கண்டு அதனுள் வட்டமிட்டால் மட்டுமே அது உயரம் பெறும். மதிய வேளையிற் பருந்து சிறகசைக்காமல் உயர்வதும் இவ்வாறே. முதலாம் உலகப்போரின் முடிவில் வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் விமானத் துறைக்குத் தளையிட்டதும், 1920 ஆம் ஆண்டில் வாசர்குப்பே என்னும் குன்றில் இளைஞர்கள் இயந்திரமற்ற விமானங்களுடன் கூடியதும் இக்கலையின் வளர்ச்சிக்குக் காரணமாயின. தடைகள் சில வேளைகளில் அறிவை வளர்க்கின்றன; தடைவிதித்தவர்கள் அதனை எதிர்பார்ப்பதில்லை.

பட்டத்துக்கும் வழுக்கு விமானத்துக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு நூல் ஆகும். பட்டம் நிலத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. காற்று அதனைக் கடந்து செல்கின்றது. நூலின் இழுவை பட்டம் ஏற்றுபவனின் கையில் உறைக்கின்றது. முச்சை சரியாகக் கட்டப்பட்டதா, மேலே காற்றுத் திசை மாறியதா என்பவற்றையெல்லாம் கை அறியும். வழுக்கு விமானமோ காற்றுத் தொகுதியின் உள்ளே அதனோடு சேர்ந்தே செல்கின்றது. சீரான வேகத்தில் நிகழும் இயக்கத்தை மனித உடல் உணர்வதில்லை. வேகம் மாறும்போது மட்டுமே உணர்கின்றது. மேலெழும் காற்றினுள் நுழையும் கணத்தில் ஆசனம் கீழிருந்து தள்ளுவது விமானிக்குத் தெரியும். நுழைந்த பின்னர் செக்கனுக்கு 3 மீற்றர் வீதம் உயர்ந்துகொண்டிருந்தாலும், அதே வீதத்தில் தாழ்ந்துகொண்டிருந்தாலும் உடலின் உணர்வு ஒன்றேயாகும். ஆயிரம் மீற்றர் உயரத்தில் நிலமும் அதனைக் காட்டிக்கொடுக்காது. எனவே கருவி அங்கே ஆடம்பரமன்று. அறுந்துபோன நூலுக்கு அது பதிலீடு.

இப்பதிலீடுகளுள் முதன்மையானது ஏறும் வீதத்தையும் இறங்கும் வீதத்தையும் காட்டும் வேரியோமீற்றர் ஆகும். 1920களின் இறுதியில் ஒஸ்திரிய விமானியான றொபேட் குரொன்ஃபெல்ட் இதனை வழுக்கு விமானத்தில் எடுத்துச் சென்று பயன்கண்டார். அதன் தத்துவம் எளிது. கடல் மட்டத்தையொட்டிய வளியில் ஏறத்தாழ எட்டரை மீற்றர் உயர்ந்தால் அமுக்கம் 1 மில்லிபார் குறைகின்றது. வெப்பம் புகாத போத்தலொன்றில் அடைபட்ட வளி ஒரு நுண்ணிய வழியூடாக மட்டுமே வெளியுடன் தொடர்புகொள்ளுமாறு அமைத்தால், விமானம் உயரும்போது போத்தலிலிருந்து வளி வெளியேறும், தாழும்போது உட்புகும். அப்பாய்ச்சலே முள்ளை அசைக்கின்றது. தேநீர் கொண்டு செல்லும் பிளாஸ்க்கின் இனத்தைச் சேர்ந்த போத்தலொன்று பல்லாண்டுகளாக விமானியின் முதுகுப்புறத்தில் இவ்வேலையைச் செய்து வந்தது. ஆயினும் அக்கருவி தாமதமாகவே பதிலளித்தது. சில செக்கன்கள் பிந்தி முள் உயரும்போது விமானம் எழுகாற்றைக் கடந்து மறுபுறம் சென்றிருக்கும். இலத்திரனியற் கருவியிற் சிலிக்கன் மென்றகடொன்று அமுக்கத்தை உணர, அதன் மாற்றவீதத்தை மின்சுற்று உடனுக்குடன் கணிக்கின்றது. ஆனால் இலத்திரனியல் செய்த பெரிய உபகாரம் இந்த விரைவன்று. அது கருவிக்குக் குரல் கொடுத்தமையேயாகும். ஏற்றம் கூடக்கூடச் சுருதி உயர்ந்து துடிக்கும். இறக்கத்தில் ஓசை தாழ்ந்து இழுபடும். ஒரே எழுகாற்றில் நாலைந்து விமானங்கள் வட்டமிடும் வேளையில் விமானியின் கண்கள் கருவிப்பலகையிற் பதிந்திருப்பது உயிராபத்து. வேரியோமீற்றரின் ஓசை அவனது கண்களை வானத்துக்குத் திருப்பித் தந்தது. விண் கூவுவதும் இதே உதவியையே செய்கின்றது. விண் கூறுவது காற்றின் வேகம், வேரியோமீற்றர் கூறுவது ஏறும் வீதம் என்ற வேறுபாடு உண்டாயினும், செவியை அளவுகோலாக்கும் உத்தி இரண்டுக்கும் பொதுவானது.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. விரைந்து செல்லும் விமானத்தின் மூக்கை மேலே தூக்கினால், வேகம் குறைந்து உயரம் கூடும். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 90 ஆகக் குறைப்பின், இழப்புகளை நீக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 95 மீற்றர் உயரம் கிடைக்கும். கருவி மகிழ்ச்சியோடு கூவும். ஆனால் எழுகாற்று எதுவும் அங்கில்லை. இயக்கப்பண்புச் சத்தி நிலைப்பண்புச் சத்தியாக மாறியது, அவ்வளவே. ஒரு சட்டைப்பையிலிருந்த பணத்தை மறு பைக்கு மாற்றியவன் தன்னைச் செல்வனெனக் கருதுவது போன்றது இது. இப்பொய்மையைக் களைவதற்குக் கண்ட தீர்வு இலத்திரனியல் சார்ந்ததன்று. பின்புறம் துளையுள்ள சிறு குழாயொன்று வாலருகே நீட்டப்படுகின்றது. அதனைக் கடக்கும் காற்று, வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமான உறிஞ்சலைத் துளையில் உண்டாக்குகின்றது. மேற்கூறிய எடுத்துக்காட்டில், வேகம் பாதியானதால் உறிஞ்சல் ஏறத்தாழ 11 மில்லிபார் தளரும். 95 மீற்றர் உயர்ந்ததால் வெளியமுக்கம் ஏறத்தாழ அதே 11 மில்லிபார் குறையும். ஒன்றையொன்று ஈடுசெய்ய, கருவி மௌனமாயிருக்கும். மொத்தச் சத்தி உண்மையில் அதிகரித்தால் மட்டுமே அது ஒலிக்கும். வளைத்த குழாய்த்துண்டு ஒன்று சத்திக்காப்பு விதியைத் தானே செய்துகாட்டும் இவ்விடயத்தை எமது உயர்தர வகுப்புப் பௌதிக ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எழுகாற்றைக் கண்ட பின்னர் எவ்வேகத்திற் செல்வது என்பது அடுத்த வினா. இறங்குகாற்றினுள் அகப்பட்டவன் உயரத்தைக் காக்க மெதுவாகப் பறக்கவே விரும்புவான். அதுவே தவறு, அவன் அக்கேட்டினுள் நீண்ட நேரம் தங்க நேரும். விரைந்து வெளியேறுபவனே குறைவாக இழப்பான். இதனைக் கணித ஒழுங்கில் நிறுவி, வேரியோமீற்றரின் முகப்பைச் சுற்றிப் பொருத்தும் எளிய வளையமொன்றாக விமானிகளின் கையிற் கொடுத்தவர் போல் மக்கிரெடி என்னும் அமெரிக்கர். 1956 ஆம் ஆண்டில் உலக வழுக்கு விமானப் போட்டியில் வென்ற இவரே, 1979 இல் மனிதக் கால்களின் உழைப்பால் மட்டும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தையும் வடிவமைத்தார். வளையம் செய்ததை இன்று கணனி செய்கின்றது. விதி மாறவில்லை.

கணனியின் பயன் இறுதி வழுக்கலில் நன்கு தெரியும். குடாநாட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். நாற்பதுக்கு ஒன்று என்ற வழுக்கல் விகிதமுடைய விமானமொன்று யாழ்ப்பாண நகருக்கு மேலே 1000 மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்க. அசைவற்ற காற்றில் அது 40 கிலோமீற்றர் செல்லும். ஆனையிறவோ வான்வழியே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். விமானம் காற்றினுள் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல, கச்சான் காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வீதம் பின்னின்று வீசினால் அது 52 கிலோமீற்றர் சென்று ஆனையிறவைத் தாண்டும். அதே வேகத்திற் கொண்டல் எதிர்த்து வீசினால் 28 கிலோமீற்றருடன் முடிந்துவிடும்; கொடிகாமத்தைத் தாண்டிப் பளையை எட்டுமுன் ஏதாவதொரு வெளியில் இறங்க வேண்டியதுதான். அதே விமானம், அதே உயரம். மாறியது காற்று மட்டுமே. பாய்மரக் காலத்துத் தண்டையல்மாரிடம் இக்கணக்கைக் கூறின் அவர்கள் வியந்திருக்கமாட்டார்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி', அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் அதனை வாங்கிய பின்னர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற பெயருடன், எம்மவர் மாலுமிகளாயிருக்க, 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. காற்றை மட்டுமே செலவழித்துத் தூரம் வாங்கும் கணக்கு அவர்களுக்குப் பழகியது.

காற்று எவ்வளவு வீசுகின்றது என்பதை விமானத்தினுள் இருந்துகொண்டு எவ்வாறு அறிவது? இவ்விடத்திற்றான் செய்மதி வழிகாட்டல் வருகின்றது. வேகமானி காற்றுச் சார்பான வேகத்தைத் தருகின்றது. செய்மதிச் சமிக்ஞை நிலஞ்சார்ந்த நகர்வைத் தருகின்றது. இரண்டின் வேறுபாடே காற்று. வட்டமிடும் விமானத்தின் வட்டங்கள் நிலத்தின்மீது எப்பக்கம் நகர்கின்றன என்பதிலிருந்து கணனி இதனைக் கணித்துவிடுகின்றது. பட்டத்தின் நூல் எந்தப் பக்கம் சாய்கின்றது என்று பார்ப்பவன் செய்வதும் இதுவே. ஆகவே செய்மதியை விமானத்துக்கு மீண்டும் கட்டப்பட்ட நூல் எனலாம். ஆயினும் அது பழைய கருவிகளை முற்றாக விலக்கிவிடவில்லை. 2018 செப்டெம்பர் 2 ஆந் திகதி ஆர்ஜென்ரீனாவின் எல் கலஃபாற்றேயிலிருந்து எழுந்த 'பேர்லான் 2' என்னும் வழுக்கு விமானம், மலையலைக் காற்றைப் பற்றி, அமுக்கத்தின்படி 76,124 அடி உயரத்தை எட்டியது. அதே பறப்பில் செய்மதி காட்டிய உயரம் 74,334 அடி. இரண்டும் பிழையல்ல. முன்னையது நியம வளிமண்டலம் ஒன்றைக் கற்பித்து அமுக்கத்தை உயரமாக மொழிபெயர்த்தது. பின்னையது கேத்திர கணித உயரம். வான்வெளியைப் பகிர்ந்துகொள்ளும் விமானங்கள் யாவும் அமுக்க உயரத்தையே பொதுமொழியாகக் கொண்டிருப்பதால், உயரமானி இன்றும் பலகையில் உள்ளது.

இந்த நூலின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். பெரிதும் வழக்கிலுள்ள ஜி.பி.எஸ். ஐக்கிய அமெரிக்காவின் இராணுவத்தால் உருவாக்கப்பட்டது. 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் நூறு மீற்றரளவு பிழை வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்தது. ருசியா, ஐரோப்பா, சீனா, இந்தியா ஆகியன தமக்கெனத் தனித்தனி அமைப்புகளை நிறுவியுள்ளன. எமது கரையோர மீனவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலில் வரைந்த எல்லைக்கோடு அலைமீது தெரிவதில்லை. வள்ளத்திலுள்ள சிறு திரையில் மட்டுமே தெரிகின்றது. அத்திரையின் எண்கள் ஒருவனது பிடியையும் படகையும், சில வேளைகளில் விடுதலையையும் தீர்மானிக்கின்றன.

ஏனைய கருவிகளைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். 2004 இல் சுவிற்சர்லாந்தில் உருவான 'ஃபிளாம்', அருகிலுள்ள விமானங்களின் பாதையை வானொலி மூலம் அறிந்து மோதலை முன்னுரைக்கின்றது. முத்திரையிட்ட அமுக்கப் பதிகருவியும் ஒளிப்படமும் கொண்டு தன் பயணத்தை நிறுவிய விமானிக்கு, இன்று செய்மதிப் பதிவு சான்றாகின்றது. இவை யாவும் மின்கலத்தை நம்பியுள்ளன. மின்கலம் தீர்ந்தாலும் பொறியியல் வேகமானியும் உயரமானியும் திசைகாட்டியும் வேலைசெய்யும். அவற்றிலும் எளிய கருவியொன்று உண்டு. மிக விலையுயர்ந்த வழுக்கு விமானத்தின் கண்ணாடிக் கூரையிலும், விமானியின் கண்ணெதிரே, ஒரு சாண் அளவுக் கம்பளி நூற்துண்டு ஒட்டப்பட்டிருக்கும். நூல் நேராகப் படிந்தால் விமானம் காற்றுக்கு நேராகச் செல்கின்றது. சாய்ந்தால் விமானம் பக்கவாட்டில் வழுகுகின்றது. நூறாண்டு கால ஆராய்ச்சி இதனைப் பலகையிலிருந்து அகற்றவில்லை; அகற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

2020 ஆம் ஆண்டில் இலங்கையின் அரச வான்போக்குவரத்துத் துறை, இராவணனது பண்டை வான்பறப்புப் பற்றிய ஆவணங்களைத் தந்துதவுமாறு பத்திரிகைகளிற் பொதுமக்களைக் கேட்டு விளம்பரம் செய்தது. புட்பக விமானத்துக்கு ஆவணம் தேடுவோர், கண்முன்னே கடற்கரையில் ஏறும் பட்டத்துக்கு ஆவணம் தேடுவதில்லை. முச்சையின் கோணம், வாலின் நீளம், விண்ணின் இழுவிசை ஆகியன பட்டம் கட்டுபவர்களின் கைப்பழக்கத்தில் அளவுகளாகவே உள்ளன, எழுத்தில் இல்லை. இதனைச் செய்வதற்குப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. காற்று வேகமானி ஒன்றும் ஒலிப்பதிவு வசதியுள்ள கைத்தொலைபேசி ஒன்றும் போதும். பல்வேறு நீளமுள்ள விண்களைப் பூட்டிய பட்டங்களை ஏற்றி, அறிந்த காற்று வேகங்களில் அவற்றின் சுருதியைப் பதிந்து, கட்டியவரின் சொற்களையும் உடனெழுதி வைத்தால், கொக்குப்பட்டத்தின் விண்ணுக்கும் எட்டுமூலைப் பட்டத்தின் விண்ணுக்கும் உள்ள வேறுபாடு முதன்முறையாக எண்களிற் கிடைக்கும். பௌதிகத் துறையினரும் தமிழ்த் துறையினரும் சேர்ந்து மேற்கொள்ளத்தக்க வேலை இது. வாடைக்காற்று ஓய்வதற்கு முன்னர், தை மாதத்திலேயே தொடங்க வேண்டும்.