பாளையங்கால்வாய் நிருபர்கள்

'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், திருநெல்வேலி மேலப்பாளையத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வற்றாத தாமிரபரணியில்தான் தொடங்குவார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் பாளையங்கால்வாய், ஊருக்குள் சாக்கடையும் குப்பையுமாகக் கிடப்பது கட்டுரைக்குள் வராது. அதையும் எழுதலாம் என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லவே இல்லை.

டெல்லியில் சொன்னார்கள். அங்கே 'சேத்னா' தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2003-ல் தொடங்கிய இந்திப் பத்திரிகை 'பாலக்நாமா'. நடத்துபவர்கள் தெருவோரப் பிள்ளைகள். 18 வயது நிரம்பினால் பொறுப்பை அடுத்த பிள்ளையிடம் விட வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளைகளும் அதில் நிருபர்கள்தான். பார்த்ததை வாயால் சொல்வார்கள், தெரிந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். ரயில் பாதையில் கிடக்கும் சடலங்களை அகற்றத் தெருப்பிள்ளைகளைப் போலீசார் ஏவுவதை அந்தப் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. பெரிய பத்திரிகைகள் பிறகு அதை எடுத்து எழுதின.

நம் வகுப்பறையில் இதை எங்கிருந்து தொடங்குவது? 'கால்வாய் அசுத்தமாக இருக்கிறது' என்ற வரியை அடிக்கச் சொல்வதிலிருந்து. அது புலம்பல், செய்தியல்ல. எந்தத் தெருச் சாக்கடை எந்த இடத்தில் கலக்கிறது? கரையோரம் நடந்து எண்ணினால் எத்தனை குழாய்கள்? கடைசியாக எப்போது தூர் வாரினார்கள்? இதில் குளித்து வளர்ந்த பாட்டி என்ன சொல்கிறார்? மாநகராட்சியின் மேலப்பாளையம் மண்டல அலுவலகம் என்ன பதில் சொல்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் எழுதியது வெறும் குற்றச்சாட்டாகிவிடும். நேரில் பதில் கிடைக்காவிட்டால், 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆசிரியர் மனுப் போடலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு செய்தி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அம்மாவிடம் பிள்ளை கேட்கட்டும்: ஆயிரம் பீடிக்கு என்ன கூலி? இலை எவ்வளவு கொடுக்கிறார்கள்? எத்தனை பீடியைக் கழிக்கிறார்கள்? பதிலை நோட்டில் குறிக்கும் நாளில்தான் அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் ஒரு நாள் புரியும். ஆனால் அம்மாவின் பெயரை அச்சிடக் கூடாது. நாளைக்கு இலை கிடைக்காமல் போகலாம். பெயரை எப்போது மறைக்க வேண்டும் என்பதும் நிருபருக்கான பாடம்தான்.

பள்ளிக் கல்வித்துறை 2022-ல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் பிள்ளைகளின் படைப்புகளுக்கு இடமுண்டு. பாளையங்கால்வாய்ச் செய்திக்கும் அவற்றில் ஒரு பக்கம் வேண்டும். அதுவரை பள்ளிக்கூடச் சுவரும் ஒரு சார்ட் தாளும் போதும்.