‘இம்பாஸ்’ என்றால் என்ன?

‘பேச்சுவார்த்தையில் இம்பாஸ்’ என்று ஆங்கிலச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பரீட்சையில் ‘பாஸ்’ ஆகிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். கடந்து செல்வது பாஸ். கடக்க முடியாதது இம்பாஸ். நம்ம ஊர் முட்டுச்சந்து!

முட்டுச்சந்துக்கு பிரெஞ்சு மொழியில் முன்பு ‘கல்-டி-சாக்’ என்றுதான் பெயர். ‘பையின் அடிப்பகுதி’ என்று பொருள். ஆனால், அந்த ‘அடி’க்கு உடம்பின் பின்புறம் என்ற கொச்சை அர்த்தமும் உண்டு. தெருவுக்குப் போய் இப்படியா பேர் வைப்பாங்க என்று முகம் சுளித்த வால்டேர், 18-ம் நூற்றாண்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மாற்றுச் சொல்தான் இம்பாஸ்.

தெருவிலிருந்து அது அரசியலுக்கும் வந்தது. பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு டச்சு பேசும் கட்சிகளும் பிரெஞ்சு பேசும் கட்சிகளும் உடன்பாட்டுக்கு வராததால், 541 நாட்கள் புதிய அரசு அமையவில்லை. இரு தரப்பும் விட்டுக்கொடுத்த பிறகே 2011 டிசம்பரில் அரசு பதவியேற்றது.

‘டெட்லாக்’ என்பதும் கிட்டத்தட்ட இதே அர்த்தம்தான். ஆனால், அதற்குள் இருப்பது பூட்டு; இம்பாஸுக்குள் இருப்பது தெரு. முட்டுச்சந்தில் சுவரை முட்டிப் பயனில்லை. வந்த வழியே கொஞ்சம் திரும்பி நடந்தால்தான் வேறு தெரு கிடைக்கும்.