கடற்கரையில் நாமே சமைத்துத் தங்கலாம்

ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போறீங்களா? கிழக்குக் கரைக்குப் போங்க. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவில் அந்த மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். வெகுதூரம் வரை ஆழமும் குறைவு.

சமையல் வசதியுள்ள அறை எடுத்தால் கடைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். அடுப்பு, சட்டி பானை, குடிதண்ணீர் உண்டா என்று முதலிலேயே கேளுங்க. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். மீனை அங்கே வாங்குங்க. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கணும்.

நமக்கு ஆறும் ஓடையும்தான் பழக்கம், கடல் வேறு. நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலளவு தண்ணீரோடு நிற்கணும். பிள்ளைகள் இறங்கினால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கணும். சமையலை அப்புறம் பார்க்கலாம்.