சவுக்கு நிழலில் ஒரு வனபோசனம்

வனபோசனம் என்றதும் பேராதனைப் பூங்காவையும் நுவரெலியாவையும் நினைப்பது நம்மவர் வழக்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அத்துணைத் தூரம் செல்லாமலே ஒரு பகற்பொழுதை இன்பமாய்க் கழித்து வரத்தக்க இடம் ஒன்று அண்மையிலேயே உண்டு. காரைநகரின் வடகரையிலுள்ள கசூரினாக் கடற்கரையே அது. யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர். பொன்னாலையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் நெடும்பாதையில் வண்டி ஏறியவுடனேயே பிள்ளைகளின் ஆரவாரம் தொடங்கிவிடும்.

அங்கே இறங்கியவர் முதலில் வியப்பது கடலின் அமைதியை. பாக்குநீரிணைப் பகுதியிற் பெரும்பாலான இடங்கள் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையவை. ஒருபுறம் இந்தியக் கரையும் இராமேசுவரத்துத் திட்டுக்களும், மறுபுறம் நமது குடாநாடும் அரணாய் நிற்றலால், தென்மேற்குப் பெருங்கடலின் திரை இங்கே எளிதில் வந்து மோதுவதில்லை. வற்றுப்பெருக்கின் வேறுபாடும் ஒரு மீற்றருக்குட்பட்டதே. ஆதலால் நெடுந்தூரம் முழங்காலளவு நீரில் நடக்கலாம்.

நேயர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் அஞ்சவேண்டியதும் இவ்வமைதியையே. பல ஆண்டுகளுக்கு முன் அறுபது மாணாக்கருடன் அங்கே சென்றிருந்தேன். மூவர் பேசிக்கொண்டே கடலுள் நடந்து போய்விட்டனர். கரையில் நின்று கூவினோம். சவுக்கமரங்களின் இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே சரியாய்க் கேட்கவில்லை. ஓரிடத்தில் மணல் சட்டெனத் தாழ, மூவருள் இளையவன் மார்பளவு நீரில் நின்று அழுதான். அவ்வூர் மீனவர் ஒருவர் வள்ளத்திற் சென்று அவனைக் கொண்டுவந்தார். அதன்பின் பெயர்ப்பட்டியலை நான் வாசித்தபோது என் குரல் நடுங்கியது. அன்று தொடங்கி, இருவர் இருவராய்ப் பிணைத்தே பிள்ளைகளை நீரில் இறக்குகிறோம். கரையில் ஊதியுடன் ஓர் ஆசிரியர் நிற்பார். நீரின் எல்லையைக் கம்பு நட்டுக் காட்டுவோம்.

கசூரினா என்பது சவுக்கின் தாவரநூற் பெயர். காசோவரி என்னும் பறவையின் இறகுபோலத் தொங்குவதால் அப்பெயர் வந்ததென்பர். ஊசிபோற் காண்பவை இலைகளல்ல, மெல்லிய கிளைகளே. உண்மையான இலைகள் அவற்றின் கணுக்களிற் செதில்போல் ஒட்டியிருக்கின்றன. உதிர்ந்த ஊசிகள் மெத்தைபோற் படிந்து கிடப்பது இருப்பதற்குச் சுகந்தான். ஆனால் உலர்ந்த அம்மெத்தை நெருப்பை நொடியிற் பற்றும். மர நிழலில் அடுப்பு மூட்டாதீர்கள். கட்டுச்சோறே சாலச் சிறந்தது. புளிச்சோற்றின் சுவை நண்பகலில் ஏறுமேயன்றிக் குறையாது!

இனித் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது என்பதே இதன் காரணம். இம்மிதப்பு மிக நுட்பமானது. கிணற்றில் நன்னீர் மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அங்குலம் மேலெழ இடமுண்டு. கடலுக்கு அண்மையில் நன்னீர்ப்படை மெலிந்திருப்பதால் அங்கே இவ்வாபத்து மிகுதி. ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிக்க மாரிகள் பல வேண்டும். கடலாடிய அறுபது பேரும் உப்புப்போக அயற்கிணற்றில் வாளிவாளியாய் அள்ளிக் குளித்தால், நாம் வீடு திரும்பியபின் அந்த வீட்டார் எதைக் குடிப்பர்? குடிநீரையும் மேல்கழுவும் நீரையும் ஊரிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு செம்பு நீர் என்று அளந்து கொடுப்பதுண்டு. முதலில் முணுமுணுப்பார்கள், காரணத்தைச் சொன்னபின் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் மார்கழிவரை மழையும் அலையும் மிகும். மாசி, பங்குனி மாதங்களே உகந்தவை. சாரணர் இரவிற் பாசறை இட விரும்பினால், பிரதேச சபையினரிடம் முன்னரே கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். பட்ட கிளைகள் தொங்கும் மரத்தின்கீழ்க் கூடாரம் அடித்தல் ஆகாது. உலர்ந்த மணலில் முளையும் நில்லாது. ஒரு கட்டையின் நடுவிற் கயிற்றைக் கட்டி, முழ ஆழத்திற் கிடையாய்ப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்கினால், இரவுக் காற்றுக்குக் கூடாரம் அசையாது.