ஒலுவில் துறைமுகமும் விநியோகக் கல்வியும்

வயல்நெல் சோறாகி இலைக்கு வருமளவும் களஞ்சியம், ஆலை, லொறி, கடை எனத் தொடரும் வழி முழுவதையும் ஒருங்கே நோக்குவது விநியோகச் சங்கிலி முகாமைத்துவம் என்னும் கல்வி. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதனைச் சார்ந்த பட்டநெறி உண்டு. கல்முனை மாணவர்க்கோ இதன் சிறந்த பாடம் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அண்மையிலேயே கிடக்கின்றது. அது 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துறைமுகம். இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கினின்று வடக்கே பெயர்வது. அலைதடுப்புச் சுவர் அதனை மறித்தது. துறைவாயில் தூர்ந்தது, வடபாற் கரையைக் கடல் அரித்தது. சரக்குக் கப்பல் வணிகம் வேரூன்றவில்லை. மீன்பிடிப் படகுகளுக்கும் வழி அடைபட்டது. இருப்புப்பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது. ஆதலின் இன்றும் லொறியே நமக்குத் துணை. மணல் அகழும் செலவு ஒருபுறம், அவ்வாயிலால் வரக்கூடிய சரக்கின் பயன் மறுபுறம்: இக்கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்த்தல் முதற் பயிற்சியாகத் தக்கது.