கட்டில் கிடைக்கும் வரை

ஹெப்பகோடியில் குடியிருக்கும் நமக்கு ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஒசூர் ரோட்டு நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றே நினைத்திருந்தேன். ஒருமுறை என் மைத்துனரைக் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகச் சேர்த்தோம். பத்து நிமிஷத்தில் டாக்டர் பார்த்து 'அட்மிஷன்' என்றார். வார்டில் கட்டில் கிடைக்க விடிந்துவிட்டது. "டாக்டர்தான் பார்த்துட்டாரே, அப்புறம் என்ன?" என்று வீட்டாருக்குச் சமாதானம் சொன்னவன் நான்தான். அது தப்பு என்று பிறகு படித்தபோதுதான் விளங்கிற்று.

இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரை அவசரப் பிரிவு வழியாக அனுமதியான ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். வந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வார்டுக்குப் போகாதவர்களிடையே, முப்பது நாளுக்குள் நேரும் மரணம் படிப்படியாக ஏறுகிறது. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் காத்தவர்களில் 82 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார். வயது, நோய் வித்தியாசங்களைக் கழித்த பிறகு வந்த கணக்கு இது.

அவசரப் பிரிவு நர்ஸுக்கு வாசலில் வரும் புதுக் கேஸ்தான் முதல். காத்திருப்பவருக்கு வேளை மருந்து தவறக்கூடும். கட்டில் ஏன் இல்லை? மண்டிக்காரனுக்கு இது தெரிந்த விஷயம்: குடோனில் சரக்கு நகராவிட்டால் லாரி ரோட்டில்தான் நிற்கும். குணமானவர் இன்சூரன்ஸ் சம்மதத்துக்காகச் சாயங்காலம் வரை வார்டில் படுத்திருந்தால், கீழே ஒருவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார்.

கூட இருப்பவர்கள், அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூச்சோ நினைவோ மாறினால் கூச்சப்படாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் காகிதங்களை முதல் நாளே கேளுங்கள். அந்தக் கட்டிலுக்குக் கீழே ஆள் காத்திருக்கிறது.